எதிரியின் உயிர்நிலையைக் கண்டுபிடித்த தோல் கடை குமாஸ்தா

1864-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள வில்லர்ட் ஓட்டலுக்குள் ஒருவர் நுழைந்தார். பயணத்தில் கசங்கிப்போன ராணுவ உடை. குட்டையான உருவம். கூட 13 வயதுப் பையன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஓட்டல் குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேல் மாடியில் சின்ன அறை ஒன்றுதான் இருப்பதாகச் சொன்னார். வந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. சரி என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதினார். பெயர் கிராண்ட், உடன் மகன், ஊர் கலீனா.

பதிவேட்டைப் பார்த்ததும் குமாஸ்தா திடுக்கிட்டார். அந்தப் பெயர் அப்போது நாடு முழுவதும் தெரிந்த பெயர். ஓட்டலிலேயே நல்ல அறை உடனே ஒழித்துக் கொடுக்கப்பட்டது.

வந்தவருக்கு அதில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. 4 ஆண்டுகளுக்கு முன்பு அவரே ஒரு தோல் கடையில் குமாஸ்தாவாக நின்றவர்தான். ஆள் வருகிற தோற்றத்தைப் பார்த்து மரியாதை தருவது கடைக்காரர்களின் வழக்கம் என்பது அவருக்குத் தெரியும்.

அமெரிக்கப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியாகப் பொறுப்பு ஏற்க அவர் வந்திருந்தார். ஜனாதிபதி லிங்கன் அவரைக் கூப்பிட்டிருந்தார். 3 ஆண்டுகளாக எத்தனையோ தளபதிகள் முயன்றும் முடியாத ஒரு வேலை அவருக்காகக் காத்திருந்தது.

தோல் பதனிடுகிறவரின் மகன்

யுலிசிஸ் கிராண்ட் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி ஒகாயோ மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி தோல் பதனிடும் தொழில் செய்தவர். பச்சைத் தோலின் நாற்றமும் ரத்தமும் பையனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குதிரை என்றால் உயிர். முரட்டுக் குதிரைகளைக்கூடப் பழக்கிவிடுவார்.

மகனின் எதிர்காலத்தைத் தந்தையே முடிவு செய்தார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இடம் வாங்கினார். அங்கே பெயர் மாறியது. அவருடைய சொந்தப் பெயர் ஹிராம் யுலிசிஸ். சிபாரிசுக் கடிதம் எழுதிய அரசியல்வாதி யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று தவறாக எழுதிவிட்டார். கல்லூரிப் பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் காகிதத்தில் விழுந்த தவறு ஒருவரோடு ஆயுள் முழுக்க வருவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

1843-ல் தேர்வு பெற்ற 39 பேரில் அவர் 21-வது ஆள். கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லவில்லை.

1846-ல் மெக்சிகோவுடன் போர் மூண்டது. கிராண்டுக்குக் கிடைத்தது சப்ளை வேலை. கோவேறு கழுதைகள், வண்டிகள், மாவு மூட்டைகள் ஆகியவற்றை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சண்டைக்குப் போக ஆசைப்பட்ட இளைஞருக்கு அது கசந்தது. ஆனால் அங்கே கற்ற பாடம் பின்னால் கை கொடுத்தது. சோறு வரும் வழியை அடைத்தால் எவ்வளவு பெரிய படையும் நிற்காது என்பதுதான் அந்தப் பாடம். அதே போரில் எதிரியின் பின்புறம் போகும் வழிகளைத் துணிந்து வேவு பார்த்துப் பேர் வாங்கிய அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் லீ. பிற்காலத்தில் இந்த இருவரும்தான் மோதப்போகிறார்கள்.

விறகு விற்றார்

1848-ல் ஜூலியா டெண்ட் என்ற பெண்ணை மணந்தார். சில ஆண்டுகளில் பசிபிக் கடற்கரைக்கு மாற்றல் ஆயிற்று. மனைவி மக்களைக் கூட்டிப் போகச் சம்பளம் காணாது. குடும்பத்தை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் தனியாகக் கிடந்தார். குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது என்று பேச்சுக் கிளம்பியது. 1854-ல் வேலையை ராஜினாமா செய்தார்.

ஊர் திரும்பும் வழியில் நியூயார்க் வந்து சேர்ந்தபோது கையில் காசு இல்லை. கல்லூரி நண்பர் பக்னர் என்பவர் ஓட்டல் பில்லுக்குப் பொறுப்பு ஏற்று மானத்தைக் காப்பாற்றினார்.

பிறகு நடந்தது எல்லாம் தோல்வி மேல் தோல்வி. மாமனார் கொடுத்த நிலத்தில் விவசாயம் செய்தார். தாமே மரம் வெட்டி வீடு கட்டினார். கட்டுப்படியாகவில்லை. செயின்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் வண்டி நிறைய விறகு கொண்டுவந்து விற்றார். 1857 கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். 1859-ல், பணக் கஷ்டம் கழுத்தை நெரித்த நேரத்திலும், தம்மிடம் இருந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை விற்காமல் விடுதலை செய்து அனுப்பினார். விற்றிருந்தால் நல்ல தொகை கிடைத்திருக்கும்.

1860-ல் வேறு வழியில்லாமல் தந்தையின் காலில் விழுந்த மாதிரி ஆயிற்று. கலீனா என்ற ஊரில் தந்தைக்குத் தோல் கடை இருந்தது. தம்பிகள் பார்த்துக்கொண்ட கடை. அண்ணன் அங்கே குமாஸ்தா ஆனார். வயது 38.

யாருக்கு என்ன நேரும் என்று யார் கண்டார்கள்?

போர் வந்தது

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை முறையைக் காப்பதற்காகத் தென் மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனிநாடு என்று அறிவித்தன. அவற்றின் தலைநகர் ரிச்மண்ட். வடக்கே லிங்கனின் தலைநகர் வாஷிங்டன். இரண்டுக்கும் இடையே தூரம் சுமார் 100 மைல்தான். நம் கணக்கில் சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்குகூட ஆகாது.

ராணுவக் கல்லூரியில் படித்தவர்கள் வேண்டும் என்று தேடினார்கள். குமாஸ்தா கிராண்ட் கர்னல் ஆனார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையை வளைத்தார். கோட்டைக்குள் இருந்த இரண்டு பெரிய தளபதிகள் பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு ஓடினார்கள். அந்த அடுத்தவர் வேறு யாரும் அல்ல. நியூயார்க்கில் உதவிய பழைய நண்பர் பக்னர்!

அவர் சமரச நிபந்தனை கேட்டு ஆள் அனுப்பினார். நிபந்தனையே கிடையாது, சரண் அடைய வேண்டும் என்று கிராண்ட் பதில் எழுதினார். 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் கைதானார்கள். சரண் முடிந்த பிறகு, நண்பரைத் தனியே சந்தித்து, செலவுக்குப் பணம் வேண்டுமா என்று கேட்டார் கிராண்ட். கடனை மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த விக்ஸ்பர்க் கோட்டை. நேரே போய் மோதிப் பயன் இல்லை. கிராண்ட் ஆற்றைக் கடந்து, கோட்டையை விட்டுவிட்டு, கிழக்கே இருந்த ஜாக்சன் நகரைப் பிடித்தார். கோட்டைக்கு ரெயில் வந்தது அந்த ஊர் வழியாகத்தான். பிறகு திரும்பி வந்து கோட்டையைச் சூழ்ந்துகொண்டார். உள்ளே இருந்தவர்கள் கோவேறு கழுதைகளைத் தின்னும் நிலை வந்தது. 1863 ஜூலை 4-ந்தேதி சுமார் 29 ஆயிரம் பேர் சரண் அடைந்தார்கள். தென்னாடு ஆற்றோடு இரண்டு துண்டானது.

கிளியின் உயிர்

பாட்டி சொல்லும் கதை ஒன்று உண்டு. அரக்கனை எத்தனை வெட்டினாலும் சாகமாட்டான். அவன் உயிர் அவன் உடம்பில் இல்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கூண்டில் இருக்கும் கிளியிடம் இருக்கிறது. கிளியைப் பிடித்தவனுக்குத்தான் வெற்றி.

போரிலும் இப்படி ஒரு கிளி உண்டு என்று எழுதி வைத்தவர் கிளாஸ்விட்ஸ் என்ற ஜெர்மானியத் தளபதி. அவர் 1831-ல் காலராவில் இறந்தார். எழுதியதை மறு ஆண்டு முதல் அவருடைய மனைவி புத்தகமாக வெளியிட்டார். ஒரு பொருளின் பாரம் முழுவதும் ஓர் இடத்தில் கூடி நிற்பதைப் பள்ளிக்கூடத்தில் ஈர்ப்பு மையம் என்று படிக்கிறோம். பெரிய டிரங்குப் பெட்டியைத் தூக்குகிறவர் கை வைக்க வேண்டிய இடம் தெரிந்து கை வைப்பார். எதிரியின் பலத்துக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, அங்கே அடிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒருவனுக்கு அது படை. உட்பூசல் உள்ள நாட்டுக்குத் தலைநகர். பெரிய நாட்டின் துணையால் வாழும் சிறிய நாட்டுக்கு அந்தத் துணைவனின் படை. பல நாடுகள் கூடி நின்றால், அவற்றைக் கட்டிவைக்கும் ஒற்றுமை. மக்கள் எழுச்சியில் தலைவர்களும் மக்களின் மனமும்.

இந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1873-ல். அமெரிக்கப் போர் முடிந்து 8 ஆண்டுகளுக்குப் பிறகு. கிராண்ட் அதைப் படித்துப் போர் செய்தவர் அல்ல.

வடக்கத்தித் தளபதிகளும் பத்திரிகைகளும் போர் தொடங்கிய நாள் முதல் ரிச்மண்ட், ரிச்மண்ட் என்றே பேசினார்கள். தலைநகரைப் பிடித்தால் போர் முடிந்தது என்பது கணக்கு. 1861-ல் மெக்டவல் புறப்பட்டார், புல் ரன்னில் அடி வாங்கி ஓடிவந்தார். 1862-ல் மெக்லெல்லன் கப்பலில் பெரும்படையை ஏற்றிக்கொண்டு சுற்றி வந்து ரிச்மண்டுக்குப் பக்கம் வரை போனார். லீ அவரைத் துரத்திவிட்டார். பர்ன்சைடு போனார். ஹூக்கர் போனார். ஒவ்வொரு முறையும் லீயின் படை குறுக்கே நின்றது. தோற்ற தளபதி வாஷிங்டன் பக்கம் திரும்பி வந்து இளைப்பாறுவார். லிங்கன் வேறு ஆளைப் போடுவார்.

குற்றம் எங்கே என்பது லிங்கனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வக்கீல். ராணுவக் கல்லூரியில் படித்தவர் அல்ல. ஆனாலும் குறி ரிச்மண்ட் அல்ல, லீயின் படைதான் என்று 1863-ல் ஹூக்கருக்கு எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் லீ தோற்றார். வென்ற தளபதி மீட் அவரைத் துரத்தாமல் ஆற்றைக் கடந்து தப்ப விட்டார். லிங்கன் மனம் நொந்துபோனார்.

அந்த நேரத்தில்தான் வில்லர்ட் ஓட்டல் பதிவேட்டில் கலீனாக்காரர் பெயர் எழுதினார்.

ஊர் அல்ல, படை

கிராண்டின் திட்டம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடக் கூடியது. மீட் இனி ரிச்மண்டைப் பார்க்க வேண்டாம். லீ எங்கே போகிறாரோ அங்கே போக வேண்டும். மேற்கே ஷெர்மன், எதிரில் இருக்கும் ஜான்ஸ்டனின் படையை உடைத்து, தென்னாட்டின் உள்ளே புகுந்து, போருக்கு உதவும் எதையும் விட்டுவைக்கக் கூடாது. மற்றப் படைகளும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும்.

ஒரே நேரத்தில் என்பதில்தான் சூட்சுமம். அதுவரை வடக்கின் படைகள் ஆளுக்கு ஒரு நாளில் நகர்ந்தன. தெற்கத்தியார் ஓர் இடத்து வீரர்களை ரெயிலில் ஏற்றி இன்னோர் இடத்துக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். எல்லாப் பக்கமும் ஒன்றாக நெருக்கினால் யாரை எங்கே அனுப்புவது?

தென்னாட்டின் பலத்துக்கு இன்னொரு தூணும் இருந்தது. அங்கே சுமார் 35 லட்சம் அடிமைகள் வயலில் உழைத்ததால்தான் வெள்ளையர்கள் துப்பாக்கி தூக்க முடிந்தது. தப்பி வந்த கறுப்பு மக்களைப் படையில் சேர்க்கும் லிங்கனின் முடிவைக் கிராண்ட் முழு மனதோடு ஆதரித்தார். அங்கே ஓர் ஆள் குறைகிறான், இங்கே ஓர் ஆள் கூடுகிறான். போர் முடிவதற்குள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பு வீரர்கள் வடக்கின் படையில் சேர்ந்திருந்தார்கள்.

தெற்கே திரும்பிய இரவு

1864 மே 4-ந்தேதி கிராண்ட் மீட்டின் படையோடு ராபிடான் ஆற்றைக் கடந்தார். மறுநாள் லீ பாய்ந்தார். இடம், வில்டர்னஸ் என்ற அடர்ந்த காடு. இரண்டு நாள் சண்டை. காட்டில் தீப்பிடித்து, நகர முடியாமல் கிடந்த காயம்பட்டவர்கள் வெந்து செத்தார்கள். வடக்கின் தரப்பில் மட்டும் 17 ஆயிரம் பேருக்கு மேல் சேதம்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் தளபதிகள் திரும்பிப் போவார்கள். மே 7-ந்தேதி இரவு படை நகர்ந்தது. மீண்டும் வாஷிங்டன்தான் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீரர்கள் நடந்தார்கள். ஒரு சந்திப்பில் பாதை பிரிந்தது. படை தெற்கே திரும்பியது. குதிரை மேல் கிராண்டும் அதே பக்கம் போவதைப் பார்த்தார்கள். களைத்துப் போயிருந்தவர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து ஆரவாரம் செய்தார்கள். எதிரிக்குக் கேட்டுவிடும் என்று கிராண்ட் அடக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதன்பின் ஸ்பாட்சில்வேனியா. வடக்கு அன்னா. லீ ஒவ்வொரு இடத்திலும் குழி வெட்டித் தடுத்தார். கிராண்ட் பக்கவாட்டில் சுற்றி மேலும் தெற்கே போனார். ஜூன் 3-ந்தேதி கோல்டு ஹார்பரில், அகழிகளில் பதுங்கியிருந்த எதிரி மேல் நேராகப் பாயும்படி உத்தரவிட்டார். ஆயிரக்கணக்கில் வீரர்கள் சாய்ந்தார்கள். ஓர் அடி நிலம்கூடப் பயனாகக் கிடைக்கவில்லை. அந்த உத்தரவுக்குச் சமாதானம் எதுவும் கிடையாது. கிராண்டும் பின்னால் தம் புத்தகத்தில் அதற்காக வருந்தி எழுதினார்.

சுமார் 40 நாளில் வடக்குக்கு ஏறக்குறைய 55 ஆயிரம் பேர் சேதம். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்ந்து. கசாப்புக்காரர் என்று கிராண்டைத் திட்டினார்கள். ஒவ்வொரு ஊரிலும் தபால் ஆபீசில் பெயர்ப் பட்டியலுக்காகத் தாய்மார்கள் காத்து நின்ற காலம் அது. அவர்களுக்குப் படையாவது, உயிர்நிலையாவது!

லீயின் கணக்கு

லீயும் இதே கணக்கை மறுபக்கம் போட்டு வைத்திருந்தார். வடக்கில் ஆள் அதிகம். ஆலை அதிகம். ரெயில் அதிகம். அதை எல்லாம் அழிக்க முடியாது. ஆனால் வடக்கின் மக்கள் சலித்துப் போகலாம். 1864 நவம்பரில் ஜனாதிபதி தேர்தல். போர் வேண்டாம் என்பவர்கள் ஜெயித்தால் தெற்கு பிழைத்தது. லிங்கனை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? ரிச்மண்டைப் பிடிக்கப் போய்த் திரும்பி வந்த அதே மெக்லெல்லன்!

ஆகஸ்டு 23-ந்தேதி லிங்கன், தாம் தோற்கப் போவதாகவே ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமல் மந்திரிகளிடம் பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

10 நாளில் காற்று மாறியது. செப்டம்பர் 2-ந்தேதி ஷெர்மன் அட்லாண்டா நகரைப் பிடித்தார். லீயின் படை கிராண்டின் பிடியில் கிடந்ததால் அங்கிருந்து அட்லாண்டாவுக்கு உதவிக்கு யாரும் போக முடியவில்லை. தேர்தலில் லிங்கன் வென்றார். ஷெர்மன் அங்கிருந்து கடற்கரை வரை தண்டவாளங்களையும் களஞ்சியங்களையும் அழித்துக்கொண்டே நடந்தார்.

கிராண்டோ ஜூன் மாதமே ஜேம்ஸ் ஆற்றில் படகுப் பாலம் போட்டு, ரிச்மண்டைத் தாண்டி, 20 மைலுக்கு மேல் தெற்கே இருந்த பீட்டர்ஸ்பர்க்குக்குப் போயிருந்தார். சின்ன ஊர். ஆனால் ரிச்மண்டுக்குச் சோறு கொண்டுவரும் ரெயில் பாதைகள் கூடும் ஜங்ஷன். அதைக் காக்க லீ அகழிக்குள் உட்கார வேண்டியதாயிற்று. 9 மாதத்துக்கு மேல் முற்றுகை. ஒவ்வொரு பாதையாகத் துண்டிக்கப்பட்டது. பசி தாங்காமலும், வீட்டிலிருந்து வந்த கடிதங்களைத் தாங்காமலும் லீயின் வீரர்கள் இரவோடு இரவாக ஓடிப் போனார்கள்.

1865 ஏப்ரல் 3-ந்தேதி ரிச்மண்ட் விழுந்தது. நான்கு ஆண்டுகளாக எல்லோரும் கனவு கண்ட ஊர். லிங்கன் மறுநாள் போய்த் தெருவில் நடந்தார். விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கிராண்ட் அந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லீ மேற்கே தப்பி ஓடிக்கொண்டிருந்தார். கிராண்ட் அவர் பின்னால் போனார்.

ஒரு வீட்டு வரவேற்பு அறை

அமீலியா என்ற ரெயில் நிலையத்தில் தம் வீரர்களுக்கு உணவு வந்திருக்கும் என்று லீ நம்பிப் போனார். வரவில்லை. தேடி அலைந்ததில் ஒரு நாள் போயிற்று. அதற்குள் வடக்கின் குதிரைப்படை முந்திப் போய் வழியை மறித்தது.

ஏப்ரல் 9-ந்தேதி அப்போமாட்டக்ஸ் என்ற சிற்றூரில், மக்லீன் என்பவர் வீட்டு வரவேற்பு அறையில் இருவரும் சந்தித்தார்கள். இந்த மக்லீன் வேடிக்கையான ஆள். 1861-ல் முதல் பெரிய சண்டை நடந்தது அவருடைய பண்ணையில். தொல்லை வேண்டாம் என்று தூர வந்து குடியேறினார். போர் அவர் வீடு தேடி வந்து முடிந்தது.

லீ பளபளக்கும் உடையில், இடுப்பில் வாளோடு வந்தார். கிராண்டின் பூட்ஸ் எல்லாம் சேறு. சாதாரணச் சிப்பாய் சட்டை. முதல் நாள் முழுக்கத் தலைவலி. லீயின் கடிதம் வந்ததும் அது போய்விட்டதாம்.

நிபந்தனைகளைக் கிராண்டே உட்கார்ந்து எழுதினார். யாரும் சிறைக்குப் போக வேண்டாம். ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதிகாரிகள் வாளை வைத்துக்கொள்ளலாம். சொந்தக் குதிரை உள்ளவர்கள் கொண்டுபோகலாம். உழவுப் பருவம் வந்துவிட்டது, குதிரை இல்லாமல் எப்படி உழுவார்கள் என்பது தாமே உழுது நொடித்துப் போனவருக்குத் தெரிந்திருந்தது. பட்டினி கிடந்தவர்களுக்கு 25 ஆயிரம் பேருக்கான உணவு அனுப்பினார். தம் படையினர் வெற்றிக்காக பீரங்கி முழங்கத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார்.

லீயிடம் அன்று மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர்தான். தெற்கில் மற்ற இடங்களில் அதைவிடப் பல மடங்கு வீரர்கள் ஆயுதத்தோடு இருந்தார்கள். லீ விழுந்த செய்தி போனதும் ஜான்ஸ்டன் அதே மாதம் 26-ந்தேதி சரண் அடைந்தார். சில வாரங்களில் மற்றவர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த போர் ஓய்ந்தது.

கடைசிக் கடன்

1869 முதல் 8 ஆண்டுகள் கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தார். கறுப்பு மக்களைக் கொன்று திரிந்த கூ கிளக்ஸ் கிளான் கும்பலை ஒடுக்கினார். ஆனால் கூட இருந்தவர்களின் ஊழல்கள் அவர் பெயரைக் கெடுத்தன. போர்க்களத்தில் எதிரியின் உள்ளத்தைப் படித்தவருக்கு நண்பர்களின் உள்ளம் தெரியவில்லை.

பதவி முடிந்ததும் உலகம் சுற்றக் கிளம்பினார். 1879 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் மனைவியோடு வந்து இறங்கினார். ஆக்ரா, டெல்லி, கல்கத்தா எல்லாம் பார்த்தார்.

1884-ல் ஒரு கூட்டாளியின் மோசடியில் சேமிப்பு முழுவதும் போயிற்று. கடன் கொடுத்த செல்வருக்குத் தம் வாள்களையும் பதக்கங்களையும் ஈடாகக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு தொண்டையில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மனைவியை ஓட்டாண்டியாக விட்டுப் போகக் கூடாது என்று தம் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதை வெளியிட முன்வந்தார். விழுங்க முடியாத வலி. பேச்சும் போய்விட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

1885 ஜூலையில் அவரைப் பார்க்க ஒருவர் வந்தார். அவர் பக்னர். பேச முடியாத கிராண்ட் சீட்டில் எழுதிக் காட்டி அவரோடு உரையாடினார். புத்தகத்தை முடித்த சில நாளில், 23-ந்தேதி, காலமானார். புத்தகத்தின் விற்பனையில் ஜூலியாவுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

நியூயார்க்கில் இறுதி ஊர்வலம் நடந்தது. பெட்டியுடன் சென்ற முக்கியஸ்தர்களில் ஷெர்மன் இருந்தார். அவரை எதிர்த்துப் போரிட்ட ஜான்ஸ்டன் இருந்தார். அன்றைக்கு ஓட்டல் பில்லுக்குப் பொறுப்பு ஏற்ற பக்னரும் இருந்தார்.